மெஷினுக்கு முன்னால் மாடம்: பில்ட்-இன் மைக்ரோவேவ் எதை வாங்கலாம்?

அக்காவின் மேடவாக்கம் ஃபிளாட்டில் சமையலறை வேலை தொடங்கிய அன்று ஆசாரி கேட்ட முதல் கேள்வி: "மைக்ரோவேவ் அலமாரிக்கு உள்ள வருதா, மேடை மேல வைக்கிறதா?" அடுப்பு எங்கே, சிங்க் எங்கே என்பதையெல்லாம் பில்டர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். மிச்சமிருந்த பெரிய தீர்மானம் இது ஒன்றுதான். அக்கா என் பக்கம் திரும்பினாள். இந்த விஷயத்தில் குடும்பத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

என் கதை சின்னதுதான். 2015-ல் எங்கள் வீட்டு கிச்சனைச் செய்தவர்கள், நான் வாங்கிய மெஷினை நடுவில் வைத்து, அதன் உடம்போடு ஒட்டி பிளைவுட் அடித்துக் கொடுத்தார்கள். மெஷின் உட்காரும் மாடத்தின் அகலம் 56 செ.மீ. இருக்க வேண்டும் என்று மேனுவலில் படமே போட்டிருந்தது. அதை அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் மேக்னட்ரான், அதாவது சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம், போனது. அந்த மாடலும் அதற்குள் நின்றுவிட்டது. புதிதாகப் பார்த்த எதுவும் உள்ளே போகவில்லை, ஒன்றரை செ.மீ. இடித்தது. பக்கவாட்டுப் பலகையைப் பிரிக்கும்போது லேமினேட் கிழிந்தது. மெஷின் விலையில் பாதியை மரவேலைக்குக் கொடுத்தேன். பழைய வீட்டுச் சுவரில் விளக்கு மாடம் இருக்குமே, அதில் அகல் விளக்கும் வைக்கலாம், காமாட்சி விளக்கும் வைக்கலாம். நான் ஒரே ஒரு விளக்குக்காக மாடம் கட்டியிருந்தேன்.

அதனால் இந்த முறை எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அலசினோம். மெஷின் எட்டு, பத்து வருஷத்தில் போய்விடும். ஈரம் தாங்கும் நல்ல 710 கிரேடு பிளைவுட் அதைத் தாண்டியும் நிற்கும். அடுத்த மெஷின் இதே இடத்தில் உட்காருமா?

அசல் பில்ட்-இன்

போஷ், சீமென்ஸ், ஃபேபர், ஹாஃபலே, ஐஎஃப்பி என்று கடைகளில் நிற்கும், அலமாரிக்குள் பொருத்தவென்றே செய்த மெஷின்களில் பெரும்பாலானவை 20 அல்லது 25 லிட்டர். மைக்ரோவேவ் 800, 900 வாட். கூடவே 1000 வாட் அளவில் ஒரு கிரில். முகப்பு கிட்டத்தட்ட 60 செ.மீ. அகலம் இருக்கும். பின்னால் இருக்கும் உடம்பு அதைவிடக் குறுகல். மாடம் 56 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த அளவு. இந்த அளவில் கட்டிவிட்டால் கம்பெனி மாறினாலும் பெரும்பாலும் கவலையில்லை. பில்ட்-இன்னின் உண்மையான லாபம் அழகில் இல்லை, இதில்தான் இருக்கிறது. காற்று எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வர வேண்டும் என்பதையும் மூடிய மாடத்தை மனதில் வைத்தே வடிவமைத்திருப்பார்கள்.

குறை என்னவென்றால் விலை. 25 லிட்டர், அதுவும் சூடான காற்றைச் சுழற்றி பேக் செய்யும் கன்வெக்‌ஷன் இல்லாத ஒன்றுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அதில் பாதிப் பணத்துக்கு மேடைமேல் வைக்கும் 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மாடலே வந்துவிடும். "சின்னதுக்கு எதுக்கு அதிகப் பணம்?" என்று அத்தான் கேட்டது நியாயமான கேள்வி. சட்டகத்துக்கும் முகப்புக்கும் கொடுக்கிறோம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

ஆழத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. நம் மேல் அலமாரிகள் 30, 35 செ.மீ. ஆழம்தான் இருக்கும். சாதாரண பில்ட்-இன்னுக்கு 55 செ.மீ. வேண்டும், அதாவது தரையிலிருந்து எழும் டால் யூனிட்டில்தான் வைக்க முடியும். 30 செ.மீ. ஆழத்துக்கென்றே சில 20 லிட்டர் மாடல்கள் இருக்கின்றன. மேல் அலமாரியில்தான் வைப்பேன் என்றால் கேட்டு அதை வாங்குங்கள்.

சாதாரண மாடலை வாங்கி மரத்தால் மூடுவது

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு ஆசாரிகள் சொல்லும் வழி இது. மேடைமேல் வைக்கும் கன்வெக்‌ஷன் மாடலை வாங்கு, அலமாரிக்குள் தள்ளு, சுற்றிலும் அலுமினிய ஃபிரேம் அடி. பார்ப்பதற்கு பில்ட்-இன் மாதிரியே இருக்கும், பணமும் மிச்சம்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த மாடல்கள் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் மேலேயும் மூச்சு விடுகிறவை. மேலே 20 செ.மீ., பின்னால் 10 செ.மீ., பக்கத்தில் 5 செ.மீ. என்கிற மாதிரி இடைவெளி விடச் சொல்லி மேனுவலில் இருக்கும். அலமாரிக்குள் வைக்காதே என்றே பல மேனுவல்கள் சொல்கின்றன. வெறும் சாம்பார் சுட வைக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது, இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கன்வெக்‌ஷனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் கேக் வைக்கும்போதுதான் தெரியும். எங்கள் மேல் வீட்டில் அப்படித்தான் நடந்தது. கேக் வாசனையோடு பசை வாசனையும் வந்தது. ஒரு மாதத்தில் லேமினேட் அப்பளம் மாதிரி பொங்கி நின்றது. மெஷின் சூடு தாங்காமல் பாதியில் தானே அணைந்துவிடுவதும் வழக்கமாகிப்போனது.

அமெரிக்காவில் குறிப்பிட்ட மாடல்களுக்கென்று கம்பெனியே டிரிம் கிட் விற்கிறது. காற்றுக்கு வழி விட்டுச் செய்த சட்டகம் அது. அப்படி ஒன்று உங்கள் மாடலுக்கு உண்டென்றால் சரி. ஆசாரி அடிக்கும் ஃபிரேமை அதோடு சேர்க்காதீர்கள்.

45 செ.மீ. காம்பி

மைக்ரோவேவும் நிஜமான ஓவனும் ஒரே பெட்டியில். மாடத்தின் உயரம் 45 செ.மீ., அகலம் அதே 56. உள்ளே 40, 45 லிட்டர் இடம். சுழலும் தட்டு கிடையாது, தரை சமதளம். சதுரப் பாத்திரத்தை அப்படியே வைக்கலாம், துடைப்பதும் சுலபம்.

சுழலும் தட்டு ஏன் வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மைக்ரோவேவின் அலைநீளம் சுமார் 12 செ.மீ. பெட்டிக்குள் அலைகள் மோதித் திரும்பும்போது சில இடங்கள் கொதிக்கும், சில இடங்கள் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் உணவைச் சுற்ற விடுகிறார்கள். சமதள மாடலில் உணவு நிற்கிறது. பெரும்பாலும் தரைக்கடியில் ஆன்டெனா சுற்றுகிறது. எது சீராகச் சூடாக்குகிறது என்று பார்க்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது: ஒரு உளுந்து அப்பளம். எண்ணெய் தடவாமல் வைத்து ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஓட விடுங்கள். எங்கே வெளுத்துப் பொரிந்திருக்கிறது, எங்கே மஞ்சளாக நிற்கிறது என்பது வரைபடம் போட்டது மாதிரி தெரியும். சுழலும் தட்டிலும் நட்டநடு இடம் சரியாகச் சூடாகாமல் தங்கிவிடுவதுண்டு. அது நகராமல் அங்கேயேதானே சுற்றுகிறது. அப்பளத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தால் சரியாகிவிடும். ஆக, சமதளத்துக்காக மட்டும் ஒரு லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆமாம், விலை ஒரு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கிறது. வாரம் இரண்டு முறை பிரெட், கேக், பீட்சா என்று இறங்குகிறவர்களுக்கு இது பொருத்தம். தனி ஓவனுக்கு இன்னொரு மாடம் வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு பழுதானால் பால் சுட வைக்கவும் வழியிருக்காது. இன்னொன்று, கதவு பெரும்பாலும் கீழ்நோக்கித் திறக்கும். மார்பு உயரத்தில் பொருத்தினால், திறந்த கதவுக்கு மேலே கையை நீட்டித்தான் பாத்திரத்தை எடுக்க வேண்டும். அக்காவின் மாமியார் ஐந்தடிக்கும் குறைவு. கடையில் ஒன்றைத் திறந்து காட்டியபோது, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பால் சுட வைக்கணும், அப்பளம் சுடணும். இது கல்யாண வீட்டுக்கு வாங்குறது."

திறந்த தட்டில் 20 லிட்டர்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 6,000 முதல் 8,000 ரூபாய்க்கு, சூடாக்க மட்டும் செய்யும் சோலோ மாடல், மேடைக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஒரு தட்டு. அழகில்லை, மற்ற எல்லாக் கேள்விக்கும் இதுவே நல்ல பதில். வாடகை வீடாக இருந்தால் மேலே எழுதிய எதையும் யோசிக்கவே வேண்டாம், இதை வாங்குங்கள்.

கேட்லாகில் இருக்காதவை

கதவு. சாதாரண மைக்ரோவேவ்களுக்கும் பில்ட்-இன்களுக்கும் கீல் இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பாவில் வலப்பக்கக் கீல் வைத்தும் சில மாடல்கள் உண்டு, நான் ஏறிய கடைகளில் கண்ணில் படவில்லை. இதனால் என்ன? டால் யூனிட்டுக்கு வலப்பக்கம் மேடை இருந்தால், திறந்தவுடன் சூடான கிண்ணத்தை அப்படியே இறக்கி வைக்கலாம். மேடை இடப்பக்கம் இருந்தால் திறந்த கதவு குறுக்கே நிற்கும். கையில் ரசத்தோடு கதவைச் சுற்றி வர வேண்டும். அக்கா வீட்டில் டால் யூனிட்டை இதற்காகவே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மாற்றினோம். பிளான் போட்ட பெண் கொஞ்சம் முகம் சுளித்தார்.

உயரம். கண்மட்டத்தில் வைப்பதுதான் பாங்கு என்பார்கள். யாருடைய கண்மட்டம்? வீட்டிலேயே குள்ளமானவரின் தோளுக்குக் கீழே தட்டு இருக்க வேண்டும். கொதிக்கிற திரவத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது எந்த வயதிலும் நல்லதில்லை.

கரண்ட். 900 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகிற சக்தி. மெஷின் இழுப்பது 1,350, 1,400 வாட். 6 ஆம்பியர் பாயின்ட்டின் கொள்ளளவு 230 வோல்டில் 1,380 வாட்தான். ஆகவே 16 ஆம்பியர் பவர் பாயின்ட்டும், கரண்ட் கூடினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்றும் தனியாக வேண்டும். காம்பி என்றால் 3,500 வாட் பக்கம் போகும். சுவர் உடைத்திருக்கும்போதே 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுத்துவிடுங்கள். பாயின்ட்டை மெஷினுக்கு நேர் பின்னால் வைக்கக்கூடாது. பிளக் ஐந்தாறு செ.மீ. தின்றுவிடும், மெஷின் வெளியே துருத்தும், அணைக்கவும் கை போகாது. பக்கத்து அலமாரிக்குள் வைத்து ஒயருக்கு ஓட்டை போடுங்கள். 900 விஏ இன்வெர்ட்டரில் இது ஓடாது. எலெக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் லைனில் தெரியாமல் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர். நம் வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் போகிற எல்லாமே எவர்சில்வர் டப்பாதான். அதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. மெலமைன் தட்டும் ஆகாது. நாலு கண்ணாடிக் கிண்ணம், ஒரு மூடி போட்ட பீங்கான் பாத்திரம் என்று தனியாக ஒதுக்கி, மெஷினுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தால்தான் வாங்கியது பயன்படும். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் விலை உயர்ந்த பில்ட்-இன் கடிகாரமாக மட்டும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கரப்பான். வெதுவெதுப்பும் இருட்டும் உள்ள இடம் அதற்குப் பிடிக்கும். பில்ட்-இன்னின் பின்புறம் இரண்டும் உண்டு. காற்று வழியை டேப் போட்டு அடைக்காதீர்கள். ஜெல் மருந்தை அலமாரி மூலையில் வைத்துவிட்டு, மெஷினை வெளியே இழுக்கிற மாதிரி திருகாணியில் பொருத்தச் சொல்லுங்கள்.

கடைசியில் என்ன வாங்கினோம்

25 லிட்டர் அசல் பில்ட்-இன், கிரிலோடு. மாமியாரின் இரண்டு வேலைக்கும் அது போதும். மாடத்தை மட்டும் 38-க்குப் பதில் 45 செ.மீ. உயரத்தில் கட்டச் சொன்னேன். நடுவில் ஒரு பலகை, பசை போடாமல் திருகாணியில் மட்டும். பலகைக்கு மேலே 38 செ.மீ., அதில் மெஷின். கீழே ஐந்து செ.மீ. சந்து. நாளைக்கு அக்கா மகள் பேக்கிங் கிறுக்கு பிடித்து காம்பி வேண்டுமென்றால் பலகையைக் கழற்றினால் போதும். பணமுடை வந்து 7,000 ரூபாய் சோலோவுக்கு இறங்கினாலும், அதன் 26 செ.மீ. உயரத்துக்கு மேலே 19 செ.மீ. காற்று மிச்சமிருக்கும். பின்பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஆசாரிக்கு முதலில் பிடிக்கவில்லை. "சந்து விட்டா அசிங்கமா இருக்கும் சார், தூசி அடையும்" என்றார். பிறகு அவரே அதற்கு ஒரு சின்ன மடக்குக் கதவு போட்டுக் கொடுத்தார். தட்டு, கையுறை வைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். போன வாரம் போனபோது திறந்து பார்த்தேன். உள்ளே நாலு கட்டு அப்பளம்.