தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்: எதைக் கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய, உள்ளே ஆடி வைத்த காமிரா) வாங்க வருபவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் எண்ணிக்கையைத்தான். நிக்கான் டி3500 காமிராவில் 24.2 மெகாபிக்சல், கேனான் 1500டி காமிராவில் 24.1, அதைவிட விலை கூடிய கேனான் 200டி மார்க் 2 காமிராவிலும் அதே 24.1 என்னும்போது, அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மூன்றிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய, ஒளியைப் பதியும் தகடு. நல்ல வெளிச்சத்தில், ஒத்த தரமுள்ள லென்ஸ்களில் எடுத்த படங்களை வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டு வைத்தால், எது எந்தக் காமிராவில் எடுத்தது என்று சொல்வது கடினம். விலையைக் குறைப்பதற்காக நிறுவனம் எந்தெந்த வசதியைக் கழற்றியிருக்கிறது என்பதில்தான் இந்த வகைக் காமிராக்கள் தம்முள் வேறுபடுகின்றன. கழற்றப்பட்டவற்றுள் சில, கற்றுக்கொள்பவருக்கு உறுத்தவே உறுத்தாது. சில, பழகத் தொடங்கிய சில மாதங்களிலேயே வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

உறுத்தாதவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். மூன்றிலும் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாக எடை குறைந்த ஆடி அமைப்பே உண்டு. படத்தில் பதிவதில் ஏறத்தாழ 95 விழுக்காடுதான் கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் வேண்டாத ஒன்று நுழைந்தால் கணினியில் வெட்டிக்கொள்ளலாம். அதுபோலவே ஷட்டர் வேகத்துக்கும் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) அபெர்ச்சருக்கும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) தனித்தனிச் சக்கரம் இல்லாமல் ஒரே சக்கரம் இருப்பதும் சில நாள்களில் விரலுக்குப் பழகிவிடும்.

இணையக் கடைகளில் மிக மலிவாகத் தென்படும் கேனான் 3000டி காமிராவின் நிலை வேறு. அதன் சென்சார் 18 மெகாபிக்சல் என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். லென்ஸ் பூட்டும் வளையம் பிளாஸ்டிக், பின்திரை 2.7 அங்குலமும் மங்கலும், உள்ளிருக்கும் ஃப்ளாஷைக் கையால்தான் நெம்பித் தூக்க வேண்டும். இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வியூஃபைண்டரைப் பார்ப்பவரின் கண்பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் சிறு சக்கரத்தையே எடுத்துவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ள வழியே இல்லை. கண் வைத்துப் பார்ப்பதற்காகவே வாங்கும் ஒரு கருவியில் இதைக் கழித்தது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதைத் தவிர்ப்பது நல்லது.

2018இல் வந்த 1500டி அந்தக் குறைகளை நீக்கியிருக்கிறது: உலோக வளையம், தெளிவான 3 அங்குலத் திரை, கண்பார்வைத் திருத்தச் சக்கரம் எல்லாம் உண்டு. படத்தைக் கைப்பேசிக்கு அனுப்ப வைஃபையும் உண்டு. நொடிக்கு 3 படம், ஒரு மின்னேற்றத்துக்கு 500 படம் என்பவை சுமார் ரகம். ஓடியாடும் குழந்தையையோ பறவையையோ துரத்திப் படமெடுக்க விரும்புபவர் அதன் வேகத்தில் நிறைவடையமாட்டார். விளம்பரத் தாளில் யாரும் குறிப்பிடாத கழிப்பு ஒன்று அதன் உச்சியில் இருக்கிறது. வெளி ஃப்ளாஷைச் செருகும் இடத்தின் நடுவில், பல பத்தாண்டுகளாக எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்துவந்த மைய மின்தொடுமுனை இதில் இல்லை. அதனால் அந்த ஒற்றை முனையை மட்டுமே நம்பியிருக்கும் மலிவான மானுவல் ஃப்ளாஷ்களும் ஸ்டுடியோ ஃப்ளாஷைத் தூண்டும் ட்ரிகர்களும் இதில் இயங்கா. கேனானுக்கென்றே செய்யப்பட்டவைதான் வேலை செய்யும். ஒளியமைப்பைக் குறைந்த செலவில் கற்கலாம் என்று வருபவருக்கு இது பெரிய தடை. விலை கூடிய 200டி மார்க் 2 காமிராவிலும் இதே குறை இருப்பதுதான் வியப்பு.

டி3500 அதே 2018இல் வெளிவந்தது. பின்னர் நிக்கான் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இன்று பெரும்பாலும் பயன்படுத்தியதாகத்தான் கிடைக்கும். மின்கலமும் அட்டையும் சேர்த்து 415 கிராம் எடை, ஆழமான கைப்பிடி, நொடிக்கு 5 படம், ஒரு மின்னேற்றத்துக்கு நிறுவனக் கணக்கில் 1550 படம் என, புகைப்படத்துக்காக மட்டும் வாங்குபவருக்கு இந்த விலைப் பிரிவில் இதைவிட நிறைவான கருவியை நான் பார்க்கவில்லை. ‘கைடு’ என்ற நிலையில் சக்கரத்தை வைத்தால், பின்னணியை மங்கலாக்க வேண்டுமா, அசைவை உறைய வைக்க வேண்டுமா என்று திரையே கேட்டு அமைப்புகளைக் கற்றுத்தருகிறது. இதிலும் கழிப்புகள் உண்டு: வைஃபை இல்லை, மெதுவான ப்ளூடூத் மட்டுமே, தொடுதிரை இல்லை, மைக் செருக இடமில்லை, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் தானாக எடுக்கும் வசதியும் இல்லை. எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, பாடிக்குள், அதாவது லென்ஸ் நீங்கலான காமிரா உடலுக்குள், ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகள்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காணொளியும் வேண்டும் என்பவருக்கு 2019இல் வந்த 200டி மார்க் 2 ஒன்றுதான் பொருந்தும். பக்கவாட்டில் திரும்பும் தொடுதிரை, மைக் செருகும் துளை, திரை வழியே பார்க்கும்போதும் முகத்தை விடாமல் பின்தொடரும் டூயல் பிக்சல் ஃபோகஸ் என்று, மற்ற இரண்டிலும் இல்லாதவை இதில் உண்டு. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 4கே வசதியை நம்பி மட்டும் வாங்க வேண்டாம்: அதில் காட்சியின் ஓரங்கள் கணிசமாக வெட்டுப்படும், டூயல் பிக்சல் ஃபோகஸும் இயங்காது. 1080 (ஃபுல் எச்டி) தரத்தில்தான் இது முழுத்திறனுடன் இருக்கிறது.

பாடியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், கழிக்கும் வேலை கூடுதலாக நடப்பது பெட்டியோடு வரும் லென்ஸில். 18-55 மி.மீ. (இந்த எண் கூடக்கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும்) கிட் லென்ஸ் கேனானில் ஐஎஸ் என்ற நடுக்கத்தடுப்பு உள்ளதும் இல்லாததுமாக இரு வகையாக வருகிறது. நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 மி.மீ. லென்ஸும் விஆர் (அதே வசதிக்கு நிக்கானின் பெயர்) உள்ளது, இல்லாதது என்று இரு வகை. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் இந்த அமைப்பு இல்லாத 300 மி.மீ. லென்ஸைத் தொடக்கநிலையாளர் கையில் பிடித்துக் கூர்மையான படம் எடுப்பது மிகக் கடினம். ‘இரட்டை லென்ஸ் சலுகை’ என்ற பெயரில் சேர்த்துத்தரும் கேனான் 75-300 மி.மீ. லென்ஸில் இந்த அமைப்பு கிடையாது. அதே நிறுவனத்தின் 55-250 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம் எட்டுவதில் சற்றே குறைந்தாலும் எல்லா வகையிலும் மேலானது. பை, முக்காலி, மெமரி கார்டு என்று இலவசங்களை அடுக்கும்போது லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பவர் குறைவு.

என்னைக் கேட்டால், இரண்டாவது லென்ஸ் தொலைநோக்கு வகையாக இருக்கத் தேவையில்லை. கல்யாண மண்டபத்திலோ மாலை நேர வீட்டுக் கூடத்திலோ கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அபெர்ச்சர் எஃப்/5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறுத்தால் துவாரம் பெரிது), எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கைப்பேசியில் கிடைக்காத படம் கிடைக்கத் தொடங்குவது இங்கேதான். கேனானில் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் மிக மலிவு. ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்வதால், சிறிய அறையில் நாலு பேரை ஒரு சட்டகத்துக்குள் அடக்கப் பின்னால் சுவர் இடிக்கும். நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ், கண் பார்க்கும் அளவுக்கு நெருக்கமான கோணத்தைத் தருவதால் வீட்டுக்குள் எளிதாகப் பயன்படும். டி3500 பக்கம் நான் சாய்வதற்கு இந்த லென்ஸும் ஒரு காரணம்.

உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் காமிரா வந்துவிட்ட பிறகு டிஎஸ்எல்ஆர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. புதிதாகவே வாங்க வேண்டும், கையில் பணமும் இருக்கிறது என்றால் மிரர்லெஸ் பக்கம் போவதே சரி. குறைந்த செலவில் கற்க விரும்புபவருக்கு, பயன்படுத்திய டிஎஸ்எல்ஆரும் ஒரு நல்ல லென்ஸும் இன்றும் ஈடற்றவை. வாங்கும் லென்ஸும் வீணாகாது: கேனானின் இஎஃப் லென்ஸ்களும் நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் வழியே அவற்றின் மிரர்லெஸ் காமிராக்களில் தானியங்கி ஃபோகஸுடன் இயங்கும்.

பயன்படுத்தியதை வாங்கும்போது நிக்கானில் ஒரு வசதி உண்டு. விற்பவர் முன்னிலையிலேயே ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பின் எக்சிஃப் தகவலை (படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரம்) பார்த்தால், ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பது தெரிந்துவிடும். கேனானின் தொடக்கநிலைக் காமிராக்கள் இதைப் படக்கோப்பில் எழுதுவதில்லை. எஃப்/16 அபெர்ச்சரில் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் படிந்த தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். ஊதுபந்தால் ஊதியபின் எடுத்த படத்திலும் அதே இடத்தில் புள்ளி நின்றால், சுத்தம் செய்யும் கூலியைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.