எச்சம் பார்க்க எது: ஐஎம்எஸ் கருவியா, ஸ்ட்ரிப்பா?

பொட்டலத்தில் இருக்கும் பொடி போதைப்பொருளா என்று சோதிப்பது ஒரு வேலை. பொடி போனபிறகு மேசையில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சோதிப்பது வேறு வேலை. எங்கள் குழுவிடம் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்: காலிப் பை, கதவுக் கைப்பிடி, தராசுத் தட்டு. அதுவும் வாரத்துக்கு நாலைந்து தடவை இருந்தால் அதிகம். நிறம் மாறும் கரைசல், ராமன் கருவி, ஐஎம்எஸ், ஸ்ட்ரிப் என்று நாலு வழிகளையும் கையாண்டு பார்த்துவிட்டுக் கடைசியில், மாதிரி கரைத்த தண்ணீரில் நனைத்துக் கோடு பார்க்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில் வந்து நின்றோம். ஆகவே இது நடுநிலை அலசல் இல்லை.

முதலில் இரண்டைத் தள்ளிவிடலாம். நிறம் மாறும் கரைசல்களில், மார்க்கிஸ் கரைசல் ஹெராயினுக்கு ஊதா காட்டும். கோபால்ட் தயோசயனேட் கொகெய்னுக்கு நீலம் காட்டும். மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னுக்கும் அதே நீலம்தான் வரும். தவிர, கண்ணுக்கே தெரியாத எச்சத்தில் நிறம் மட்டும் எப்படித் தெரியும்?

லேசர் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கையடக்க ராமன் கருவி பொடிக்கு அருமை. ஒளி ஊடுருவும் பையாக இருந்தால் திறக்காமலே சொல்லிவிடும். ஆனால் லேசர் படும் புள்ளியில் போதுமான பொருள் இருக்க வேண்டும். பழுப்பு ஹெராயின் போன்றவற்றில் ஒளிர்வு எழுந்து நிறமாலையையே மூழ்கடித்துவிடும். வெள்ளி, தங்க நுண்துகள் ஏற்றிய தாளைச் சேர்த்துக்கொண்டால் எச்சத்தையும் பிடிக்கலாம். அதை நாங்கள் இரண்டே நாள்தான் தொட்டோம். தீர்ப்புச் சொல்ல அது போதாது.

உண்மையான போட்டி ஐஎம்எஸ் என்னும் அயனி நகர்வுக் கருவியோடுதான். ஸ்வாப் என்னும் துடைப்புத் துண்டால் துடைத்து உள்ளே வைத்தால், சூடு பட்டு எச்சம் ஆவியாகும். ஆவி அயனியாகி மின்புலத்தில் ஓடும். ஓடிச் சேர எடுக்கும் நேரத்தை வைத்து இன்ன பொருள் என்று சொல்லும். சில நொடிகளில் பதில், நானோகிராம் அளவில் உணர்திறன், ஒரே துடைப்பில் பல போதைப்பொருள்கள். தாளில் எழுதிப் பார்த்தால் ஸ்ட்ரிப் பக்கத்தில்கூட வர முடியாது.

சில மாதம் இரவலாக வைத்திருந்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. அந்தக் கருவி சும்மா இருக்கும்போதும் சாப்பிடும். அணைத்து வைத்தால் மறுபடி சூடேறி, உள்ளே படிந்ததெல்லாம் வெளியேறி, அளவுத்திருத்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நாள் முழுக்க ஓடவிட்டோம். உள்ளே போகும் காற்று உலர்ந்திருக்க வேண்டும் என்பதால் உலர்த்தியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் அயனியாக்க நிக்கல்-63 என்ற கதிரியக்க மூலம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 100 ஆண்டு. கசிவுச் சோதனை, பதிவேடு, கடைசியில் அதை அப்புறப்படுத்துவது எல்லாம் வைத்திருப்பவர் தலையில்தான். கதிரியக்கத்துக்குப் பதிலாக உயர் மின்னழுத்தத்தால் அயனியாக்கும் 'கொரோனா மின்னிறக்க' முறையில் இயங்கும் புதியவற்றில் இந்தத் தலைவலி இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அதன் ஞாபகசக்தி. ஒருநாள் எங்களில் ஒருவர் பொடி தெரியும் ஸ்வாபை அப்படியே உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் வெற்று ஸ்வாப் வைத்தாலும் கொகெய்ன், இன்னொன்று வைத்தாலும் கொகெய்ன். சுட்டு, ஊதி, மறுபடி சுட்டு, மதியம் போயே போய்விட்டது. வெற்று ஸ்வாப் சுத்தமாக வராதவரை அடுத்த மாதிரியின் முடிவுக்கு மதிப்பில்லை. விமான நிலையம்போல் நாள் முழுக்க மாதிரி ஓடும் இடத்தில், இதற்கென்றே ஒருவர் இருந்தால், ஐஎம்எஸ்தான் சரி. எங்களுக்கு அந்த ஆள் இல்லை.

ஸ்ட்ரிப்புக்கு ஞாபகமே கிடையாது. ஒரு மாதிரிக்கு ஒன்று, குப்பையில் போட்டால் கதை முடிந்தது. காலாவதித் தேதி பார்ப்பதும், வெயில் படாமல் வைப்பதும், ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை வெறும் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பதும்தான் மொத்தப் பராமரிப்பு.

உணர்திறன் குறைவு என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப் பிடிக்கத் தொடங்கும் வாசல் அளவு மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 100 நானோகிராம் எச்சத்தை 1 மில்லி தண்ணீரில் கரைத்தால் பிடிபடாது, 0.3 மில்லியில் கரைத்தால் 333 ஆகி பிடிபடும். அதற்கும் கீழே போக வேண்டுமா என்பதே என் கேள்வி. புழக்கத்தில் உள்ள ரூபாய், டாலர் என்று எந்த நோட்டும் பல கை மாறுவது. கொகெய்ன் தடயம் ஏறிய நோட்டுகள் பற்றி ஆய்வுகளே உண்டு. அந்த அளவு எச்சம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

இன்னொரு லாபம் பிறகுதான் புரிந்தது. வீரியமான செயற்கை ஓபியாய்டான ஃபென்டனிலைத் தேடும் ஸ்ட்ரிப், மெத்தாம்ஃபெட்டமின் என்ற வேறொரு போதைப்பொருள் அடர்த்தியாக இருந்தால், மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவில், பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். பொடியைக் கரைப்பவர்கள் இதற்காகவே நீர்த்துச் சோதிப்பார்கள். எச்சத்தில் அந்த அடர்த்திக்கு எட்டுவதே அபூர்வம்.

படிக்கும்போது மட்டும் கவனம். கோவிட் பட்டைக்கு நேர் எதிர்: இரண்டு கோடு என்றால் இல்லை, ஒரு கோடு என்றால் இருக்கிறது. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாற்றிப் படித்தார்கள், நானும்தான்.

குறைகளும் உண்டு. ஒரு ஸ்ட்ரிப் தன் குடும்பத்தை மட்டுமே தேடும்; எதைத் தேடுகிறோம் என்று முன்பே ஊகிக்க வேண்டும். கிராக் கொகெய்ன் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. எந்த வழியில் வந்த பாசிட்டிவும் ஆய்வகத்தில் நிறை நிறமாலைமானி உறுதிசெய்யும்வரை சந்தேகம் மட்டுமே. நைட்டசீன் என்னும் வேறு வகைச் செயற்கை ஓபியாய்டுகளை ஃபென்டனில் ஸ்ட்ரிப் காட்டாது. அவற்றுக்கென வரும் ஸ்ட்ரிப்புகள் சில நைட்டசீன்களைத் தவறவிடும், காஃபின் அதிகமிருந்தால் பொய் சொல்லும். எங்களிடம் அவை வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது; இதுவரை நாங்கள் நனைத்தவற்றில் ஒன்றுகூட ஒற்றைக் கோடு காட்டவில்லை.