இலவச மென்பொருளுக்கு 1,899 ரூபாய் அழுத கதை

எங்கள் டிடிபி கடையில் ஓடுவது 2011இல் வாங்கிய கம்ப்யூட்டர். விண்டோஸ் 7. கல்யாணப் பத்திரிகை வேலை இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். கையில் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில்தான் ஒழுங்காக உட்காருகின்றன. 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7ஐக் கைகழுவிவிட்டது தெரியும். இருந்தாலும் கறக்கிற மாட்டை எதற்கு விற்பானேன் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம், முகூர்த்த நெருக்கத்தில், சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. 100 ஜிபியில் மிச்சம் 400 எம்பி. படங்களை டி டிரைவுக்கு மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடி சிவப்பு. போனில் புலம்பியபோது அக்கா மகன், "மாமா, விண்டிர்ஸ்டாட் போட்டுப் பாருங்க, எது எடத்த திங்குதுன்னு படமா காட்டும், ஃப்ரீதான்" என்றான்.

தேடினேன். முதலில் வந்ததைத் தட்டினேன். அது விளம்பரம் என்று கவனிக்கவில்லை. பச்சை நிறத்தில் பெரிய டவுன்லோட் பட்டன், 38 எம்பி கோப்பு. அசல் விண்டிர்ஸ்டாட்டின் 1.1.2 பதிப்பு ஒரு எம்பிகூட இருக்காது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டி முடித்தால் வந்து நின்றது ஏதோ ஒரு 'கிளீனர்'. 1,284 பிழைகள் என்று சிவப்பில் கத்தியது. கீழே ஒரு போன் நம்பர்.

கூப்பிட்டேன். நல்ல தமிழில் பேசினான். "சார், உங்க விண்டோஸ் எக்ஸ்பயரி ஆயிடுச்சு, அதான் டிஸ்க் ஃபுல் ஆகுது" என்றான். பாதி உண்மை என்பதால் நம்பிவிட்டேன். 1,899 ரூபாய் கட்டினேன். அவன் சொன்ன மென்பொருளைப் போட்டதும் மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரேயடியாக அழித்தான். "பாருங்க சார், 9 ஜிபி!" நானும் தேங்க்ஸ் சொன்னேன்.

அந்த ஃபோல்டர் குப்பை இல்லை. போட்ட மென்பொருளைச் சரிசெய்யவும் நீக்கவும் விண்டோஸ் அதில்தான் கோப்புகளை வைத்திருக்கிறது. அதை அழித்தால் பல மென்பொருள்களுக்கு இரண்டுமே நடக்காது.

மூன்றே நாளில் திரும்பவும் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனே நேரில் வந்தான். அந்தக் கிளீனரை எடுத்தெறிந்துவிட்டு, விண்டிர்ஸ்டாட்டின் சொந்தத் தளத்துக்கே போய் 2007இல் வந்த 1.1.2 பதிப்பை இறக்கினான். விண்டோஸ் 7க்கு அது தாராளம். ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தான். அது இல்லாவிட்டால் சில ஃபோல்டர்களுக்குள் அதற்கு அனுமதி கிடையாது. நாம் தேடும் திருடன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான். குட்டிப் பேக்மேன்கள் வாயைத் திறந்து மூடி ஓடி முடித்ததும், கீழே வண்ணக் கட்டங்கள். ஒரு மூலையில் மட்டும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், செங்கல் அடுக்கினாற்போல நூற்றுக்கணக்கில்.

தற்காலிகக் கோப்புகளுக்கான விண்டோஸ் டெம்ப் ஃபோல்டரில் 'கேப்' என்று தொடங்கும் கோப்புகள். ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி, மொத்தம் 41 ஜிபி. விண்டோஸ் 7இன் பழைய வியாதியாம் இது. விண்டோஸ் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் சிபிஎஸ் என்ற லாக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால் அதைச் சுருக்க முடியாமல் பாதியில் விட்டுவிடும்; அந்தப் பாதிக் கோப்பு டெம்ப்பில் தங்கிவிடும்; பிறகு திரும்பவும் முயலும். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்தி, அந்த லாக்கையும் கேப் கோப்புகளையும் அழித்தான். பத்து நிமிட வேலை, காபி ஆறுவதற்குள் முடிந்தது.

விண்டோஸ் தன் சொந்தப் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரும் அந்தப் படத்தில் பூதம் மாதிரி தெரியும். கை வைக்காதீர்கள். ஒரே கோப்பு இரண்டு பெயரில் இருப்பதை இரண்டு தடவை எண்ணுவதால் வரும் தோற்றம் அதில் பாதி.

கார்டை பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் சொன்னேன். பணம் இன்னும் வரவில்லை. இன்ஸ்டாலர் ஃபோல்டர் போனதில் அடிபட்ட ஆஃபீஸ் 2010, அதன் சிடி பரணில் கிடைத்ததால் பிழைத்தது. ஸ்கேனர் மென்பொருளைத்தான் நீக்கவும் முடியவில்லை, மறுபடி போடவும் முடியவில்லை. ஸ்கேன் எடுக்க வருபவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.