கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறவங்க ஈஎஸ்ஐ நாள் கணக்கை இன்னைக்கே பாருங்க

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கான்ட்ராக்ட்ல ஓடிட்டு இருக்குறவங்க படிங்க. வேலை போனா ஈஎஸ்ஐல (சம்பளத்துல புடிக்குற தொழிலாளர் காப்பீடு) 90 நாள் வரைக்கும் பாதி சம்பளம் கிடைக்கும், அடல் பீமித்னு 2018லேர்ந்து ஒரு திட்டம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியவே தெரியாது, ஆயுசுக்கும் ஒரு தடவைதான். மார்ச்சோட எங்க லைன்ல ஆர்டர் இல்லன்னு மொத்த செட்டையும் அனுப்பிட்டாங்க, கேட் பாஸை வாங்கி வச்சிக்கிட்டாங்க, அவ்ளோதான். சரி இதையாச்சும் வாங்கலாம்னு கிளெய்ம் போட்டா ரிஜெக்ட்.

ஈஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல கேட்டா ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டுறாங்க, கடைசி ஆறு மாச பீரியட்ல 78 நாள் வேலை பாத்ததா கணக்குல இருக்கணுமாம், எனக்கு 66 தான் ஏறியிருக்கு. ஞாயித்துக்கிழமை தவிர லீவே போடாதவன் நான்! பேஸ்லிப்பை எடுத்து பக்கத்துல வச்சு பாத்தாதான் கூத்து புரியுது. பேஸ்லிப்ல 26 நாள், சம்பளம் 16,000, ஈஎஸ்ஐ புடிச்சது 120. ஈஎஸ்ஐ போர்ட்டல்ல அதே மாசம் 11 நாள், சம்பளம் ஆறாயிரத்து சொச்சம், என் பேர்ல கட்டினது 51. மாசாமாசம் இதே 11. எங்ககிட்ட புடிச்ச காசுல பாதிக்கு மேல கான்ட்ராக்டர் முழுங்கிட்டு, அவன் போட வேண்டிய 3.25 பர்சென்ட்லயும் மிச்சம் புடிச்சிருக்கான்.

அவனுக்கு போன் பண்ணா, "நீதான் ரிசைன் பண்ணிட்டியேப்பா, உனக்கு எதுக்கு அது"ங்குறான். சேரும்போது கேட் பாஸ் வேணும்னா போடுன்னு வெத்து பேப்பர்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குவாங்கல்ல, அதுல ஒன்னுல தேதி போட்டு ராஜினாமா ஆக்கிட்டான். ஒரு லைன்ல இருந்த அத்தனை பேரும் ஒரே தேதியில ரிசைன் பண்ணுவாங்களா, ஈஎஸ்ஐக்கு எழுதின கம்ப்ளெய்ண்ட்ல முதல் வரியே இதைத்தான் எழுதினேன்.

கூட வச்சது பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், அவனே வாட்ஸ்அப் குரூப்ல தினம் போட்ட ஷிஃப்ட் லிஸ்ட். அந்த லிஸ்ட்தான் பெரிய சாட்சி, குரூப்பை விட்டு வெளிய வந்துடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கான்ட்ராக்டர் ஈஎஸ்ஐ கட்டலைன்னா மெயின் கம்பெனிதான் கட்டணும், அதனால அங்க ஹெச்ஆருக்கும் ஒரு காப்பி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். (2,000 குடு நான் கிளியர் பண்ணித் தரேன்னு ப்ரவுசிங் சென்டர்ல ஒருத்தன் வந்தான், நாள் கணக்கே குறைஞ்சிருக்கும்போது அவன் என்னத்த கிளியர் பண்ணுவான்.)

தபால் போய் சேந்ததும் கான்ட்ராக்டர் குரல் மாறிடுச்சு. தம்பி, பத்தாயிரம் வாங்கிக்க, வாபஸ் எழுதிக் குடுங்குறான். எனக்கு வர வேண்டியது கிட்டத்தட்ட 24,000, எழுதித் தர மாட்டேன்னுட்டேன். கேஸ் இன்னும் ஓடுது.

அந்த ஆளு இப்போ வேற பேர்ல போர்டு மாட்டி ஆள் எடுக்குறான். எங்க ரூம் பசங்க ரெண்டு பேர் அங்கதான் சேந்திருக்காங்க, நேத்து அவங்க ஐபி நம்பர் (ஈஎஸ்ஐ கார்டு நம்பர்) போட்டு போர்ட்டல்ல பாத்தோம், அதுலயும் 11 தான்.