46,500 ரூபாயும் ஓர் ஆஸ்கர் மீனும் போயின: கடல்தொட்டி வைக்க நினைப்பவர்கள் படிக்கவும்

செவ்வாய்க்கிழமை இரவு கடைசிக் கோமாளி மீனும் செத்து மிதந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளாக நன்னீர் மீன் வளர்த்த என்னுடைய மூன்றடித் தொட்டியை, கடல்நீரில் மீனும் பவளமும் வளர்க்கும் பவளத்தொட்டியாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 46,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். நீல வெளிச்சத்தில் மின்னும் தொட்டிகளின் படங்களை இணையத்தில் போட்டு, வீட்டுக்கே வந்து அமைத்துக் கொடுக்கும் வகை விற்பனையாளர் அவர். பெயரை எழுதினால் வேறு வம்பு வரும் என்று வீட்டில் தடுப்பதால் இதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை.

சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் பல ஆண்டுகள் மீன் வாங்கிப் பழகியவன் என்பதால், நன்னீர் விஷயத்தில் என்னை எளிதில் ஏமாற்றிவிட முடியாது. கடல்நீரில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது என்பதை அவர் வந்த பத்தாவது நிமிடமே கண்டுகொண்டிருப்பார்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தவர், தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். நான் வளர்த்த பெரிய நன்னீர் மீனான ஆஸ்கர் வழக்கம்போல் வாலை ஆட்டிக்கொண்டு கைக்கு எதிரே வந்து நின்றது. "உங்களைப் பார்த்தாலும் இப்படித்தான் வருவான் இல்லையா சார்? இவனை என்கிட்ட கொடுங்க, ஆறடித் தொட்டி இருக்கு, நல்லா இருப்பான்" என்றார். மீனை 'அவன்' என்று சொல்கிற ஒருவரை நான் எப்படிச் சந்தேகிப்பது? அன்று மாலையே முன்பணம் அனுப்பிவிட்டேன். ஆஸ்கரையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, நானே வண்டிவரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விளக்கு 12,000, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் 9,500, நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கும் 'உயிர்ப்பாறை' 15 கிலோ 10,500, உப்பும் அலை மோட்டாரும் பாக்டீரியா பாட்டிலும் சேர்த்து 6,500, இரண்டு கோமாளி மீன், டேம்சல் என்ற சிறு கடல்மீன் ஒன்று, இரண்டு இறால், பூப்போல விரியும் கடலுயிரான கடல் சாமந்தி ஒன்று எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 46,500 ரூபாய். ரசீது கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெண்புள்ளி நோய்க்காக இதே தொட்டியில் தாமிரம் கலந்த மயில்துத்தம் போட்டதை நான் மறைக்கவில்லை. கூழாங்கல்லும் சிலிக்கான் பசையும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடக்கூடும் என்பதும், மீன் தாங்குகிற அளவுத் தாமிரத்தை இறாலும் பவளமும் தாங்காது என்பதும் அவருடைய தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? "கழுவிட்டா போயிடும் சார்" என்று சொல்லி, பழைய கூழாங்கல்லையே அடியில் பரப்பி, அதற்கும் மேல் மணலைக் கொட்டினார். இறால்கள் இரண்டும் மறுநாள் காலையில் மல்லாந்து கிடந்தன. பிறகு சோதனைக் குப்பி வாங்கிப் பார்த்தபோது தாமிரம் இருப்பதை அது தெளிவாகக் காட்டியது.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது நன்னீர்க்காரனான எனக்கே தெரியும். கேட்டேன். பாறையிலேயே அவை இருக்கின்றன, மூன்றாம் நாள் மீன் விடலாம் என்றார். ஈரம் காயாமல் கொண்டுவர வேண்டிய உயிர்ப்பாறை கோணிப்பையில், தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்து வந்ததைப் பார்த்தபோதே நான் அவரை வாசலோடு நிறுத்தியிருக்க வேண்டும். குளிர்விப்பான் தேவையில்லை, மின்விசிறி போதும் என்றதையும் நம்பினேன். 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தண்ணீர் சென்னையின் பிற்பகலில் 31 டிகிரி காட்டியது. விசிறிக் காற்றில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும் என்று எவரும் சொல்லாததால் நான் உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டியது 1.030 ஆயிற்று. அந்தப் பிழை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் கடல் சாமந்தி கரைந்து கூழாகி, கூடம் முழுவதும் அழுகிய நாற்றம்.

தொலைபேசியில் முதல் நாள் கிடைத்த பதில், "புதுத் தொட்டி அப்படித்தான் சார், செட் ஆகும்." அடுத்த நாள், "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல." அதற்கடுத்து, உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது. 46,500 ரூபாயில் பாதியையாவது திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் ரசீதாவது கொடுங்கள் என்று கேட்டபோதுதான் குரல் மாறியது. "அந்தப் பாறைக்கு பில் கேட்டா உங்களுக்குத்தான் சிக்கல்" என்றார். உண்மைதான். மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் வந்து பாறையைத் திருப்பிக் காட்டினார். நட்சத்திர வடிவக் குழிகள் வரிசையாக இருந்தன. அது வெறும் பாறை அல்ல, பவளத்தின் எலும்புக்கூடு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்போல் எலும்புக்கூடு கட்டும் கடும்பவளங்கள் அனைத்தும் 2001இல், மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. செத்த பவளத்தை விற்பதும் வைத்திருப்பதும் கூடக் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. நான் புகார் கொடுக்கத் துணிய மாட்டேன் என்று தெரிந்தே அதை என் வீட்டில் இறக்கியிருக்கிறார். பாறைகளை வனத்துறையிடம் ஒப்படைப்பது எப்படி என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்கரையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கடைசியாக எழுதினேன். "அது அப்பவே வித்துப்போச்சு" என்று பதில் வந்தது. 'அவன்' அதற்குள் 'அது' ஆகிவிட்டிருந்தான். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

விரிவாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. தாமிரம் பட்ட தொட்டியைப் பவளத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ரசீது இல்லாமல் பாறையோ பவளமோ வீட்டுக்குள் வர விடாதீர்கள். அம்மோனியா பூஜ்யம் என்று உங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்கும்வரை மீன் வாங்காதீர்கள். குளிர்விப்பானுக்குப் பணம் இல்லையென்றால் நன்னீரிலேயே இருங்கள்.

முன்பெல்லாம் தொட்டித் தண்ணீரை மாற்றினால் மாடியிலுள்ள ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவேன், எருவே வேண்டாம். இப்போது கூடத்தில் 180 லிட்டர் நிற்கிறது, ஆறு கிலோவுக்கு மேல் உப்பு கரைந்த தண்ணீர். அதை ஒவ்வொரு வாளியாகக் குளியலறையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.