விண்டோஸ் 11: ஜெராக்ஸ் கடைக்கு ஒத்துவருமா?

தண்டையார்பேட்டையில ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சதுலேர்ந்து, "மாத்தலாமாக்கா?"ன்னு கேக்காத பக்கத்துக் கடைக்காரங்க இல்ல.

கல்லாப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர் 8-ஆம் தலைமுறை ஐ5. அதுல விண்டோஸ் 11 ஏத்தியாச்சு. பைசா செலவில்ல, ஃபைல் எதுவும் போகல. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரைட் கிளிக் பண்ணா பாதி விஷயம் உள்ள போய் ஒளிஞ்சுக்குது. பென்டிரைவோட காலேஜ் பசங்க வரிசையில நிக்கும்போது அந்த இன்னொரு கிளிக்கே கடுப்பு. ஷிப்ட்டை அழுத்திக்கிட்டு ரைட் கிளிக் பண்ணுங்க, பழைய மெனு நேரா வரும். நடுவுல உக்காந்திருக்கிற ஸ்டார்ட் பட்டனை செட்டிங்ஸ்ல இடப்பக்கம் தள்ளிடலாம்.

உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பழைய ஐ3, அதுல ஓடுறது 32 பிட் விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகை, எம்.சி. ரோடு ஜவுளிக்கடை பில் எல்லாம் அடிக்கிற பிரிண்டர் அதுலதான். விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்ல மட்டும். என் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவரே கிடையாது. விண்டோஸ் 11 கேக்கிற டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப்பும் அந்த கம்ப்யூட்டர்ல இல்ல. குறுக்கு வழியில ஏத்தித் தர்றேன்னு ஒருத்தர் வந்தாரு. வேணாம்னுட்டேன். முகூர்த்த மாசத்துல பிரிண்டர் படுத்துக்கிச்சுன்னா அவரா பதில் சொல்வாரு?

அந்த உள் சிஸ்டத்துக்கு, விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் போதும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்குல பேக்கப் பண்ணதால காசு கேக்கல. அந்த சிஸ்டத்துல மட்டும் நெட் பேங்கிங் தொடக்கூடாதுன்னு பையன்கிட்ட கறாரா சொல்லிட்டேன்.