தாரா, கான்கிரீட்டா?

"அண்ணாச்சி, எங்க தெருவுக்குத் தாரா, சிமெண்டா?" நான் சாலை போடும் சைட்டுக்கு வரும் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இதே சந்தேகம்தான்.

முதல் செலவு: தார் குறைவு. கான்கிரீட் அதிகம்.

ஆயுள்: நெடுஞ்சாலை வடிவமைப்பில் தாருக்கு 20 வருஷம், கான்கிரீட்டுக்கு 30 வருஷம் கணக்கு. தாருக்கு நடுவில் மேலடுக்கு போட்டே ஆக வேண்டும்.

தண்ணீர்: தாருக்குப் பெரிய எதிரி. தாமிரபரணிக் கால்வாய் ஓரத்திலும் குளக்கரையிலும் ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் ஜல்லி பெயர்ந்துவிடும். கான்கிரீட் தாங்கும்.

வேலை: வி.ஜி.-30 என்ற தார் வகையில் செய்த கலவை 90 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் ரோலர் ஓடி முடிய வேண்டும். ஆறியதும் வண்டி விடலாம். கான்கிரீட்டை 14 நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும், முழு வலுவுக்கு 28 நாள். ஒரே வழி உள்ள ஊரில் இது பெரும்பாடு.

பழுது: தாரை வெட்டி ஒட்டலாம். கான்கிரீட்டில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினால் அந்தப் பலகையே (ஒரே துண்டாக வார்த்த பகுதி) போச்சு. குழாயை முதலில் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை மண்தான். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். சுண்ணாம்பு கலந்தோ கிராவல் நிரப்பியோ அடியைச் சரிசெய்யாவிட்டால் தார் அலை அலையாகும், கான்கிரீட் குறுக்கே பிளக்கும். மேலே எது போட்டும் பயனில்லை.

தண்ணீர் நிற்கும் தெரு, பேருந்து நின்று கிளம்பும் இடம் என்றால் கான்கிரீட். மழைநீர் வடிய வாய்க்கால் வசதியுள்ள நீண்ட கிராமச் சாலைக்கு நான் தாரையே சொல்வேன்.